ரைடிங் மோவர் என்ஜின் ஏறி இறங்கி ஓடுகிறது, பிளேடு போட்டால் திணறுகிறது: கவர்னர்தான் காரணமா?

கொலம்பஸ்வாசி

வணக்கம். ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் புல்தரையுள்ள வீட்டில் இருக்கிறோம். வீட்டை வாங்கியபோது கூடவே வந்த, ஏறி உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவரைத்தான் புல் வெட்டப் பயன்படுத்துகிறேன். 42 அங்குல டெக் (பிளேடுகள் சுற்றும் அடிப்பெட்டி), இரண்டு பிளேடு, ஏறத்தாழ 500 சிசி அளவுள்ள ஒற்றை சிலிண்டர் என்ஜின். கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும் வகை, வால்வுகள் ஹெட்டில் இருக்கும் அமைப்பு, 17.5 குதிரைத்திறன் என்று மேல்மூடியில் எழுதியிருக்கிறது. குளிர்காலம் முழுவதும் டேங்கில் பாதி அளவு பெட்ரோலோடு ஷெட்டில் நின்றது.

ஏப்ரலில் வண்டியை வெளியே எடுத்தபோதே தொந்தரவு தொடங்கிவிட்டது. சோக் போட்டால் என்ஜின் பிடித்துக்கொள்கிறது. சோக்கை முழுவதுமாக எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழு வேகத்தைக் குறிக்கும் முயல் படம் போட்டிருக்கும் இடம் வரை தள்ளினால், சீராக ஓடாமல் இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. பிளேடைப் போட்டதும் அந்த ஏற்ற இறக்கம் நின்று, என்ஜின் திணறத் தொடங்குகிறது. புல் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அணைந்தே விடுகிறது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் ஓரளவு ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் அப்படியே வைத்து வெட்டலாமா என்று தெரியவில்லை. சாவியை அணைத்ததும் சைலன்சரில் 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் என்ஜினைச் சற்றுச் சுற்றிவிட்டு, ஏதோ தடுத்தாற்போல் நின்று, பிறகு திக்கித் திக்கிச் சுற்றுகிறது. பேட்டரி புதியது. அதன் முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கியிருக்கிறேன்.

இதுவரை ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிட்டேன். ஆயில் அளவு சரியாக இருக்கிறது. டேங்கில் கிடந்த பெட்ரோலின் மேலேயே புதிய பெட்ரோலை ஊற்றினேன். பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேட்டதற்கு, கார்புரேட்டரையும் இன்னும் சிலவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, வண்டியின் இன்றைய மதிப்பில் பாதியைத் தொடும் தொகையைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றும், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டைச் சற்று வளைத்து இறுக்கினால் போதும் என்றும் சொல்கிறார். எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பட்டறைக்காரர்

வணக்கம் தம்பி. டொராண்டோ பக்கம் சிறு என்ஜின்களைப் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். அடையாளங்களை நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் இங்கிருந்தே நிறையச் சொல்ல முடிகிறது. முதலாவதாக, கவர்னர் ஸ்பிரிங்கையும் அந்தத் தகட்டையும் தொடவே தொடாதீர்கள்.

கவர்னர் என்பது என்ஜினுக்குள் சுற்றும் சிறு எடைகளைக் கொண்ட அமைப்பு. வேகம் கூடினால் அந்த எடைகள் விரிந்து த்ராட்டிலை மூடப் பார்க்கும். வெளியே இருக்கும் ஸ்பிரிங் அதைத் திறக்கப் பார்க்கும். இந்த இரண்டின் இழுபறியில்தான் வேகம் ஓர் அளவில் நிற்கிறது. கார்புரேட்டரிலிருந்து போதிய பெட்ரோல் வராதபோது வேகம் விழுகிறது, கவர்னர் உடனே த்ராட்டிலைத் திறக்கிறது, திறந்ததும் வேகம் அளவுக்கு மேல் எழுகிறது, மறுபடி மூடுகிறது. நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கம் இதுதான். கவர்னர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது என்பதற்கே இது சான்று. பிளேடு போட்டதும் ஏற்ற இறக்கம் நிற்பதற்கும் காரணம் இதுவே. சுமை ஏறியதும் கவர்னர் த்ராட்டிலை முழுவதும் திறந்துவிடுகிறது, அதற்கு மேல் திறக்க இடமில்லை, அப்படியும் பெட்ரோல் போதவில்லை என்பதால் என்ஜின் திணறுகிறது.

தகட்டை வளைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடிக்கு மேல் வேகமாக ஓடக் கூடாது என்பது அமெரிக்காவில் புல்வெட்டும் வண்டிகளுக்கான தர விதி. உங்கள் டெக்கில் ஒவ்வொரு பிளேடும் ஏறத்தாழ 21 அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பிளேடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,450 சுற்றைத் தாண்டக் கூடாது என்று வருகிறது. கம்பெனியில் என்ஜினின் உச்ச வேகத்தை நிறுத்தி வைத்திருப்பது புல்லியின் அளவோடு சேர்த்து இந்த வரம்பைப் பார்த்துத்தான். கண் மதிப்பில் தகட்டை வளைப்பவர் அந்த வரம்பை அறியாமலே தாண்டிவிடுவார். அதிக வேகத்தில் ஓடினால் கனெக்டிங் ராடு உடைந்து என்ஜின் பாடியையே துளைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். சோக்கைப் பாதி இழுத்தால் நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த ஒரு சோதனை பல பாகங்களைக் கழித்துவிடுகிறது. சோக் செய்வது காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகம் இழுக்க வைப்பது. அதனால் ஓட்டம் திருந்துகிறது என்றால், பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது என்று பொருள். சோக் போட்டதும் கறுப்புப் புகை தள்ளி இன்னும் மோசமாக ஓடினால், கார்புரேட்டருக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில் சரியாக அடைக்காமல் கசிவது, ஏர் ஃபில்டர் அடைத்திருப்பது போன்ற எதிர்த் திசைக் கோளாறுகளைத் தேடலாம். சோக்கினால் எந்த மாற்றமும் இல்லை என்றால் கரன்ட் பக்கம் போகலாம். உங்களுடையது முதல் வகை. பாதிச் சோக்கிலேயே வைத்துத் தொடர்ந்து வெட்ட வேண்டாம். நோயை மறைத்து ஓட்டுவதாகத்தான் அது முடியும்.

பழைய பெட்ரோலின் மேல் புதியதை ஊற்றியதால் பலன் இல்லை. டேங்கை முழுவதும் வடித்துவிடுங்கள். அமெரிக்கப் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், கார்புரேட்டர் முதலில் இழுப்பதும் அடியில் தங்கிய அந்தக் கலவையைத்தான். 30 நாளுக்கு மேல் நிற்கப் போகும் பெட்ரோலில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலக்கச் சொல்லி என்ஜின் கையேடுகளே எழுதுகின்றன. உங்கள் பக்கத்துப் பங்க்குகளில் 88 என்று எழுதி, ஆரஞ்சு நிற எச்சரிக்கை ஒட்டி, சற்று மலிவாக ஒரு பெட்ரோல் விற்பார்கள். அதில் 15 சதவீதம் எத்தனால். சட்டப்படியே அது புல்வெட்டும் வண்டிகளுக்கு அனுமதிக்கப்பட்டதல்ல, அதை ஊற்றாதீர்கள்.

டேங்கை வடித்த பிறகு கார்புரேட்டருக்கு வாருங்கள். பிளக் வயரைக் கழற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றி, என்ஜின் நன்றாக ஆறிய பிறகே இந்த வேலை. கராஜுக்குள் கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர் இருந்தால் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து செய்யுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் பைலட் சுடரில் பற்றும்.

கார்புரேட்டரின் அடியில் இருக்கும், பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பௌலைப் பிடித்திருப்பது வெறும் போல்ட் அல்ல, பெரும்பாலும் வயரோடு கூடிய சொலினாய்டு. சாவியைப் போட்டதும் அது 'டிக்' என்று உள்ளிழுத்து மெயின் ஜெட்டைத் திறக்கும். சாவியை அணைத்ததும் வெளியே வந்து அடைக்கும். நீங்கள் சொன்ன சைலன்சர் சத்தம், அணைத்த பிறகும் பெட்ரோல் போவதால் வருவது. எனவே அந்தச் சொலினாய்டின் முனை சரியாக அடைக்கிறதா என்று பாருங்கள். பௌலைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவோ இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். உள்ளே நடுவில் இருக்கும் தண்டில் பித்தளை மெயின் ஜெட் இருக்கும். அதன் துளை தையல் ஊசி நுழையும் அளவே இருக்கும். அதில் பாதி அடைத்தாலே நீங்கள் சொல்லும் அத்தனை அடையாளங்களும் வரும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும், விளிம்பில் பிசிறு தெரிந்தால் படிவு இருக்கிறது. மின்வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றால் சுத்தம் செய்யுங்கள். ட்ரில் பிட்டையோ எஃகுக் கம்பியையோ நுழைத்தால் துளை பெரிதாகி ஜெட் வீணாகும். ஜெட்டுக்கு மேலே பக்கவாட்டில் சிறு துளைகளோடு ஒரு குழாய் இருக்கும், அந்தத் துளைகளையும் விடாதீர்கள். கார்ப் கிளீனரை அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளை வழியாக நேரே முகத்தில் பாயும்.

திரும்ப மாட்டும்போது, கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். அந்த இடத்தில் காற்று இழுத்தாலும் இதே ஏற்ற இறக்கம் வரும். மாட்டிய பிறகு, ஓடும்போது அந்த இணைப்பின் மேல் தண்ணீரைச் சிறிது தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. சிலர் இதற்குக் கார்ப் கிளீனரை அடிப்பார்கள். சூடான சைலன்சர் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டார்ட்டர் நின்று நின்று சுற்றுவது தனிக் கோளாறு என்றே நினைக்கிறேன். முதலில் பெட்ரோல் பக்கத்தை முடித்துவிட்டு எழுதுங்கள், அதைப் பிறகு பார்ப்போம்.


கரோலினா

பட்டறைக்கார ஐயா சொன்னவற்றோடு ஒன்றிரண்டைச் சேர்க்கிறேன். கார்புரேட்டரைத் திறப்பதற்கு முன், அதுவரைக்கும் பெட்ரோல் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும், தூசியால் அது அடைத்தால் சிறிது நேரம் ஓடிய பிறகு டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் நின்றுவிடும். அணையும் தறுவாயில் மூடியைத் தளர்த்தினால் உடனே தெளிந்துவிடுவது இதன் அடையாளம். உங்களுக்குத் தொடங்கியதிலிருந்தே திணறுவதால் இதற்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

டேங்க் சீட்டுக்கு அடியில் தாழ்வாக இருக்கும் வண்டி என்றால், என்ஜினில் ஒரு சிறிய பெட்ரோல் பம்ப் இருக்கும். அதை இயக்குவது மின்சாரம் அல்ல, என்ஜினின் அடிப்பாகத்திலிருந்து ஒரு ரப்பர் டியூப் வழியாக வரும் காற்றழுத்தத் துடிப்பு. அந்த டியூபில் வெடிப்பு விழுந்தால் பம்ப் அரைகுறையாக வேலை செய்யும். கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பிளக் வயரைக் கழற்றி அதன் முனையைப் பாடியோடு சேர்த்து வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால், பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பீய்ச்ச வேண்டும், சொட்டினால் போதாது.

சீட் ஸ்விட்சையும் மறக்காதீர்கள். மேடு பள்ளத்தில் உடம்பு ஒரு கணம் எழும்பும்போது மட்டும் மிஸ்ஸிங் அடித்தால், அது கார்புரேட்டர் கோளாறாகவே இருக்காது. அதற்காக ஸ்விட்சைத் துண்டித்து நேரடியாக இணைத்துவிடுவோரைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவர் விழுந்தால் பிளேடை நிறுத்த இருக்கும் ஒரே காவல் அது என்பதால், புதிய ஸ்விட்ச் வாங்கி மாட்டுவதே சரி.

என்னுடையது இரட்டை சிலிண்டர் என்ஜின். அந்த வகை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், சக்தி பாதியாகிவிட்டதுபோல் தோன்றும்போது ஒரு சிலிண்டர் வேலையே செய்யவில்லையோ என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் அதன் வயருக்கும் நடுவில் ஸ்பார்க் டெஸ்டர் மாட்டி ஓடவிட்டால் எதில் பொறி விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒன்றிலிருந்து வரும் அணைப்பு வயர் தகட்டில் உரசி ரப்பர் தேய்ந்திருந்தது.


கொலம்பஸ்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. டேங்கை வடித்தபோது கடைசியில் வந்த பெட்ரோல் கலங்கலாக, அடியில் தனிப் படலமாகத் தெரிந்தது. மூடியின் துளை திறந்திருக்கிறது, பம்ப் நன்றாகப் பீய்ச்சுகிறது. பௌலில் ஐயா சொன்ன வெள்ளைப் பொடி இருந்தது. ஜெட்டை வெளிச்சத்தில் பார்த்தபோது துளையில் பிறை வடிவில்தான் வெளிச்சம் வந்தது. செம்பு இழையால் சுத்தம் செய்து, குழாயின் பக்கத் துளைகளையும் பார்த்து, புதிய கேஸ்கெட் போட்டு மாட்டினேன். சொலினாய்டின் ரப்பர் முனையில் அதே படிவு ஒட்டியிருந்தது, அதையும் துடைத்தேன். இப்போது சைலன்சர் சத்தம் வருவதில்லை. ஏற்ற இறக்கமும் பெருமளவு குறைந்துவிட்டது.

ஆனால் பிளேடு போட்டு அடர்ந்த புல்லில் நுழைந்தால் இன்னும் சக்தி போதவில்லை, முன்போல் அணைவதில்லை என்பது மட்டுமே முன்னேற்றம். ஸ்டார்ட்டர் நின்று சுற்றுவதும் அப்படியே இருக்கிறது. மலிவாக இணையத்தில் விற்கும் புதிய கார்புரேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினால் மீதியும் தீருமா?


பட்டறைக்காரர்

கார்புரேட்டர் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மீதித் தொந்தரவு வால்வில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வால்வின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், நம் ஊர்ப் பட்டறையில் டேப்பெட் அட்ஜஸ்ட் என்று சொல்லும் வேலை. இந்த அளவுள்ள ஒற்றை சிலிண்டர் என்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்றுவது எளிதல்ல. அதனால் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டில் ஒரு சிறு அமைப்பு வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் ஆகும் குறைந்த வேகத்தில் அது ஒரு வால்வை இம்மியளவு தூக்கிப் பிடித்து அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியேற்றும், வேகம் எடுத்ததும் விலகிக்கொள்ளும். ஓடி ஓடித் தேய்ந்து வால்வின் இடைவெளி கூடிவிட்டால், அந்த இம்மியளவு தூக்கல் வால்வு வரை போய்ச் சேராது. முழு அழுத்தத்தையும் எதிர்த்து ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டியிருப்பதால் அந்த இடத்தில் வந்து நிற்கிறது. இதை அறியாமல் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். இடைவெளி கூடியதால் வால்வு திறக்கும் உயரமும் குறைந்து, சுமையில் மூச்சும் போதாமல் போகிறது.

முதலில் என்ஜினின் மாடல் எண்ணைப் பாருங்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ஜின் என்றால் எண்கள் மூன்று பகுதியாகப் பொறித்திருக்கும்: மாடல், டைப், கோட். மாடலின் முதல் இரண்டு இலக்கம் 31 என்றால் 31 கன அங்குலம், அதாவது நீங்கள் சொல்லும் 500 சிசி. கோட் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரித்த ஆண்டு, மாதம், நாள். அந்த 31 வரிசைக்கு, என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் வால்வுக்கு (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு) இடைவெளி 0.003 முதல் 0.005 அங்குலம், எக்ஸாஸ்ட் வால்வுக்கு (புகை வெளியேறும் வால்வு) 0.005 முதல் 0.007 அங்குலம். வேறு கம்பெனி என்றால் அதன் கையேட்டைப் பார்த்து வையுங்கள். இரண்டு வால்வுகளையும் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வகையும் சில என்ஜின்களில் உண்டு, அவற்றில் அட்ஜஸ்ட் செய்யும் வேலையே இல்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு வால்வு மூடியைத் திறங்கள். பிளக் துளையில் ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டு, மேலே இருக்கும் ஃபேன் தகட்டைக் கையால் ஓடும் திசையில் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்குவது குச்சியில் தெரியும். இரண்டு வால்வும் மூடியிருக்க, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடியுங்கள். அங்கேயே அளந்துவிடாதீர்கள். உச்சியைத் தாண்டி பிஸ்டன் கால் அங்குலம் கீழிறங்கும் வரை இன்னும் கொஞ்சம் சுற்றுங்கள். உச்சியில் அளந்தால் மேலே சொன்ன அந்தச் சிறு அமைப்பு வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும், அளவு பொய்யாகிவிடும். உங்கள் வேலையில் பிறழக்கூடிய இடம் இது ஒன்றுதான், ஆகவே நிதானமாகச் செய்யுங்கள்.

வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழையுங்கள். தகடு லேசான உரசலோடு வர வேண்டும். தொளதொளவென்று வந்தால் இடைவெளி அதிகம், இழுக்கவே வரவில்லை என்றால் குறைவு. ராக்கரின் நட்டின் நடுவில் ஒரு பூட்டு ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி, நட்டைத் திருப்பி அளவை வைத்து, நட்டை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு நழுவும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பார்ப்பது கட்டாயம். பிறகு என்ஜினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அதே இடத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை அளந்துவிட்டே மூடியைப் போடுங்கள். ராக்கர்களைத் தள்ளும் புஷ் ராடுகள் வளைந்திருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூடியைத் திறந்திருக்கும்போது ஹெட் கேஸ்கெட்டையும் கவனியுங்கள். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே, புஷ் ராடு போகும் பக்கத்தில் கேஸ்கெட் பிளந்தால், எரியும் அழுத்தம் என்ஜினின் ஆயில் பகுதிக்குள் நுழையும். டிப் ஸ்டிக் துளையிலிருந்து புகை வருவது, ஏர் ஃபில்டர் ஆயிலில் நனைவது, வெள்ளை நீலப் புகை தள்ளுவது எல்லாம் அதன் அடையாளங்கள். நீங்கள் இவற்றில் எதையும் எழுதவில்லை என்பதால் எனக்கு அந்தக் கவலை குறைவு. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அழுத்தத்தை வெளியேற்றும் அமைப்பு இருப்பதால் அந்த அளவை நம்ப முடியாது, காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனைதான் இந்த என்ஜின்களுக்கு உண்மையைச் சொல்லும்.


கரோலினா

மலிவுக் கார்புரேட்டர் பற்றி ஐயா சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. பாடி அரித்துப்போய், ஃப்ளோட் நீடில் உட்காரும் இடமும் கெட்டிருந்தால் புதியது வாங்குவதே சிக்கனம். உங்களுடையதில் சுத்தம் செய்ததுமே ஓட்டம் திருந்திவிட்டதால் அது நல்ல கார்புரேட்டர். மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக இப்போதைய கார்புரேட்டர்களில் ஜெட் அளவைக் கம்பெனியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், திருப்பிச் சரிசெய்ய ஸ்க்ரூ இருப்பதில்லை. வேறொருவர் செய்த ஜெட்டில் துளை சற்றே சிறியதாக இருந்தாலும் புதிய கார்புரேட்டரோடு பழைய ஏற்ற இறக்கம் திரும்ப வந்துவிடும்.

கடந்த பருவத்தில் பிளேடு ஏதாவது மரக்கட்டையிலோ கல்லிலோ பலமாக மோதி என்ஜின் சட்டென்று நின்றதுண்டா? அப்படியானால் ஃப்ளைவீலுக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் இருக்கும் சிறிய கீ பாதி வெட்டுப்பட்டு டைமிங் நகர்ந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யும்போது எதிர்த்து உதைப்பதும் சக்தி குறைவதும் அதிலும் வரும்.


கொலம்பஸ்வாசி

அப்படி மோதியதாக நினைவில்லை. ஆனால் நேற்று வால்வைத் திறந்து பார்த்தேன், ஐயா சொன்னது அப்படியே இருந்தது. மாடல் எண் 31 என்றுதான் தொடங்குகிறது. இன்டேக்கில் 0.009 தகடே தாராளமாக நுழைந்தது, எக்ஸாஸ்ட்டிலும் அளவு கூடியிருந்தது. பிஸ்டனைக் கால் அங்குலம் இறக்கி வைத்து, இன்டேக்கை 0.004 அளவிலும் எக்ஸாஸ்ட்டை 0.006 அளவிலும் நிறுத்தினேன். எக்ஸாஸ்ட்டின் பூட்டு ஸ்க்ரூவை இறுக்கும்போது தகடு பிடித்துக்கொண்டது, நீங்கள் எச்சரித்திருந்ததால் தளர்த்தி மறுபடி வைத்தேன்.

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் எங்கும் நிற்காமல் சுற்றியது. அடர்ந்த புல்லில் சத்தம் சற்று இறங்கினாலும் உடனே எழுந்துகொள்கிறது. வீட்டின் பின்பக்கம் சரிவாக இருக்கும் பகுதியையும் பிளேடு போட்டபடியே ஏறி வெட்டி முடித்தேன். பெரியவரையும் கூப்பிட்டுக் காட்டினேன், கவர்னர் தகடு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு வால்வு அளவுகளை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

மீதமிருப்பது ஒன்றுதான். சுமையில்லாமல், த்ராட்டிலை ஆமை படம் இருக்கும் பக்கம் இறக்கி வைத்தால் லேசாக ஏறி இறங்குகிறது. முழு வேகத்தில் இல்லை. இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?


பட்டறைக்காரர்

மிக நல்ல செய்தி தம்பி. குறைந்த வேகத்தில் பெட்ரோல் போவது மெயின் ஜெட் வழியாக அல்ல, கார்புரேட்டரின் மேல்பக்கம் இருக்கும் பைலட் ஜெட் என்ற இன்னொரு மிகச் சிறிய துளை வழியாக. அதில் கொஞ்சம் படிவு மிச்சமிருக்கிறது. பிளாஸ்டிக் தலையுடைய சிறு துண்டாக அது இருக்கலாம். கழற்றி, கார்ப் கிளீனரில் ஓர் இரவு ஊறவைத்து, காற்றடித்து, அதன் ஓ ரிங் கிழியாமல் பார்த்துத் திரும்ப அழுத்துங்கள். அந்தத் துளைக்குச் செம்பு இழைகூடப் பருமனாக இருக்கும் என்பதால் எதையும் நுழைக்க வேண்டாம். அவசரமில்லை. புல் வெட்டுவது எப்போதும் முழு த்ராட்டிலில்தான் என்பதால் இந்தப் பருவம் முழுவதும் இப்படியே ஓட்டினாலும் என்ஜினுக்குக் கெடுதல் கிடையாது.

அதைக் கழற்றும் நாளில் ஃபேன் மூடியையும் எடுத்துவிட்டு, சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு வரிகளுக்குள் காய்ந்த புல்லோ எலிக்கூடோ அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷெட்டில் குளிர்காலம் கழித்த வண்டிகளில் எலிக்கூடு இல்லாத வண்டியை நான் பார்ப்பதே அபூர்வம். அந்த அடைப்பால் என்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும். மூடி வெளியே இருக்கும்போது காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள், உங்கள் 31 வரிசைக்கு 0.010 முதல் 0.014 அங்குலம். புதிதாகப் போட்ட பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம் இருக்க வேண்டும், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.